பீச் – தாம்பரம் லைனில் ஒரு பொருளாதாரப் பாடம்

பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்கு எப்படி உதவ வேண்டும்? இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் வரும் முதல் பதில், "இன்னும் நிறையப் பணம் கொடுக்கணும்." பள்ளிக்கூடப் புத்தகத்திலும் அதுதான், டிவி விவாதத்திலும் அதுதான். பதில் தப்பு என்று சொல்ல வரவில்லை. தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை வளர்ச்சி உதவிக்கு ஒதுக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை இலக்கு வைத்தது 1970-ல். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆச்சு. 2024-ல் அந்த இலக்கைத் தொட்டவை நார்வே, லக்சம்பர்க், ஸ்வீடன், டென்மார்க் ஆகிய நான்கே நாடுகள். ஓஇசிடி அமைப்பில் உள்ள உதவி தரும் நாடுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் 0.33 சதவீதம்தான் தேறியது. பாஸ் மார்க்குக்குப் பாதிகூட இல்லை. 2025 ஜூலை 1-ம் தேதி அமெரிக்காவின் யுஎஸ்எய்டு அமைப்பு இழுத்து மூடப்பட்டது. பிரிட்டன் தன் பங்கை 0.5-லிருந்து 2027-க்குள் 0.3 ஆக்கப்போவதாக அறிவித்திருக்கிறது.

ஆக, பணம் குறையப்போவது உறுதி. அப்படியானால் எது உருப்படியான உதவி, எது பேருக்குச் செய்யும் உதவி என்று பிரித்துப் பார்ப்பது இப்போது இன்னும் முக்கியமாகிறது. அதற்கு ஆப்பிரிக்கா வரை போக வேண்டாம். நம்மில் பாதிப்பேர் தினம் தொங்கிக்கொண்டு வரும் பீச் – தாம்பரம் மின்சார ரயில் பாதையே போதும். ஏன்னா, உலக வங்கியின் 'குறைந்த வருமான நாடுகள்' பட்டியலில் இருந்து இந்தியா வெளியே வந்ததே 2000-களின் பிற்பகுதியில்தான். அதுவரை நாம் கை நீட்டி வாங்கிய பக்கம். வாங்கினவனுக்குத்தானே தெரியும், எது வேலைக்கு ஆச்சு, எது ஆகலைன்னு?

எல்லா இடத்திலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கப்போகிறேன்: கொடுத்தவர் மூட்டை கட்டிக் கிளம்பின பிறகு, இங்கே என்ன மிச்சம் இருந்தது?

கிண்டி

கிண்டியில் இறங்கி அடையாறு பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினால் ஐஐடி மெட்ராஸ். அது ஜெர்மனி உதவியில் உருவானது என்பது எல்லாருக்கும் தெரிந்த பொது அறிவுக் கேள்வி. என்ன மாதிரி உதவி என்பதுதான் இங்கே விஷயம்.

1956-ல் மேற்கு ஜெர்மனி, இந்தியாவில் ஒரு உயர் பொறியியல் நிறுவனம் அமைக்க உதவுவதாகச் சொன்னது. 1959-ல் பான் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே வருஷம் ஜூலை 31-ம் தேதி மத்திய அமைச்சர் ஹுமாயூன் கபீர் நிறுவனத்தைத் தொடங்கி வைத்தார். இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமான நாடு, அது முடிந்து பதினான்கே வருஷத்தில் இன்னொரு நாட்டுக்குக் காலேஜ் கட்டித் தர வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கொடுக்க பெரிய பணக்காரனாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை போல.

ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் இருந்தது. ஒன்று, ஜெர்மன் பேராசிரியர்கள் இங்கே வந்து வேலை செய்வார்கள். இரண்டு, சென்ட்ரல் ஒர்க்‌ஷாப்புக்கும் லேப்களுக்கும் கருவிகள் வரும். மூன்று, இந்திய ஆசிரியர்கள் ஜெர்மனிக்குப் போய்ப் பயிற்சி எடுத்துவிட்டுத் திரும்புவார்கள். இந்த மூன்றாவதுதான் என் கணக்கில் முக்கியம். முதல் இரண்டு மட்டும் இருந்திருந்தால், பேராசிரியர்கள் திரும்பிப் போன அன்றைக்கே லேப்புக்குப் பூட்டுப் போட்டிருப்பார்கள். மெஷின் ரிப்பேர் ஆனால் கேட்டலாகைப் புரட்டிக்கொண்டு ஜெர்மனிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்கள். 1970-களில் ஜெர்மன் ஆசிரியர்கள் படிப்படியாகக் குறைந்தபோது, அந்த நாற்காலியில் உட்கார ஆள் தயாராக இருந்தார்கள். உதவியின் நோக்கமே உதவுகிறவரைத் தேவையில்லாதவராக ஆக்குவதுதான் என்று வைத்துக்கொண்டால், இது நல்ல மார்க் வாங்கின உதவி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது இலவச வரம் இல்லை. கிண்டிக் காட்டில் இருந்து 600 ஏக்கருக்கும் மேல் நிலத்தை மாநில அரசு கொடுத்தது. கட்டடம், சம்பளம், தினசரிச் செலவு எல்லாம் இந்திய அரசுப் பணம். முதல் இயக்குநர் பி. சென்குப்தாவும் இந்தியர்தான். இரண்டு பக்கமும் கை போட்டுத் தூக்கின பாரம்.

ஜெர்மனி மட்டும்தானா? பம்பாய் ஐஐடிக்கு யுனெஸ்கோ வழியாக சோவியத் யூனியன், கான்பூருக்கு ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூட்டு, டெல்லிக்கு பிரிட்டன். பனிப்போர் காலத்தில் எல்லாருக்கும் நம் மேல் திடீர் பாசம். நேரு அரசு அந்தப் போட்டியை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. இன்றைக்கு ஆப்பிரிக்க நாடுகள் சீனாவிடமும் அமெரிக்காவிடமும் ஒரே நேரத்தில் பேரம் பேசுவதை "சந்தர்ப்பவாதம்" என்று எழுதுகிறவர்கள், நம்ம ஐஐடிகளின் பிறந்த கதையை ஒருமுறை படித்துவிட்டு எழுதலாம்.

குறையும் உண்டு. அங்கே படித்தவர்களில் நிறையப் பேர் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் விமானம் ஏறினார்கள். கொடுத்த நாடுகளுக்கே பலன் திரும்பிப் போனது என்றும் சொல்லலாம். ஆரம்பப் பள்ளிக்கே வழியில்லாத ஊர்கள் இருந்த நாட்டில் உச்சியில் மட்டும் இவ்வளவு கொட்டியது சரியா என்ற கேள்வியும் நியாயமான கேள்விதான்.

இந்த இடத்தில் குரோம்பேட்டை நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். சரி, சொல்லிவிடுகிறேன். ஐஐடிக்குப் பத்து வருஷம் முன்பே, 1949-ல், சி. ராஜம் என்ற தனிமனிதர் தன் சொத்தைக் கொடுத்துத் தொடங்கியது எம்ஐடி. அதற்குப் பின்னால் எந்த வெளிநாட்டு அரசும் இல்லை. ஆனால் வெளிநாட்டு ஆசிரியர்கள் இருந்தார்கள். அப்துல் கலாமுக்கு அங்கே ஏரோடைனமிக்ஸ் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் ஸ்பாண்டர் ஆஸ்திரியாக்காரர்.

சானடோரியம்

ரயிலில் "அடுத்த நிலையம் தாம்பரம் சானடோரியம்" என்று அறிவிப்பு வரும்போது, சானடோரியம் என்றால் என்ன என்று யோசித்திருக்கிறீர்களா? காசநோய்க்காரர்களை ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே, நல்ல காற்றில் மாதக்கணக்கில் தங்கவைத்துச் சாப்பாடும் ஓய்வும் கொடுக்கும் இடம். ஐரோப்பாவில் பிறந்த யோசனை. இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் ஒரு சானடோரியம் நடத்திவிட்டுத் திரும்பிய டாக்டர் டேவிட் சவுரி முத்து 1928-ல் தாம்பரத்தில் இதைத் தொடங்கினார். 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது. இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

இப்போது 1950-களுக்கு வாருங்கள். காசநோய்க்கு மாத்திரை வந்துவிட்டது. ஆனாலும் நோயாளி சானடோரியத்தில் படுத்தே ஆக வேண்டும் என்பதுதான் பணக்கார நாடுகளின் மருத்துவம். இந்தியாவிலோ நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகள் ஆயிரக்கணக்கில். வழக்கமான 'உதவி மூளை' என்ன சொல்லும்? இன்னும் நூறு சானடோரியம் கட்ட நிதி திரட்டு என்று சொல்லும். கணக்குப் போட்டால் எந்த ஜென்மத்திலும் முடியாத காரியம்.

நடந்தது வேறு. 1956-ல் சேத்துப்பட்டில் (அதுவும் நம்ம லைன் ஸ்டேஷன்தான்) ஒரு ஆய்வு மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கூட்டு. பிரிட்டனில் இருந்து வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் வந்து தலைமை ஏற்றார். அவர்கள் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது: படுக்கை உண்மையிலேயே தேவையா?

சென்னையின் ஏழைப் பகுதிகளைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு சானடோரியம். நல்ல உணவு, ஓய்வு, நர்ஸ் கவனிப்பு. இன்னொரு பிரிவு வீட்டிலேயே. அதே நெரிசலான வீடு, அதே அரைவயிற்றுச் சாப்பாடு, முடிந்தால் வேலைக்கும் போவார்கள். இரண்டு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். 1959-ல் முடிவு வெளியானது. குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்த நோயாளியால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடுதலாகப் பரவவும் இல்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட வைப்பதுதான் உண்மையான சிக்கல் என்று தெரிந்தது. அதில் இருந்துதான், ஒருவர் கண்ணெதிரே நின்று மாத்திரை விழுங்க வைக்கும் முறை வளர்ந்து, பின்னாளில் 'டாட்ஸ்' என்ற பெயரில் உலகம் முழுக்கப் போனது.

நம்ம பாஷையில் சொன்னால், பட்ஜெட்டைக் கூட்டாமல் ப்ராப்ளம் ஸ்டேட்மென்ட்டையே மாற்றிவிட்டார்கள். பணக்கார நாட்டின் தீர்வை அப்படியே ஏழை நாட்டுக்கு இறக்குமதி செய்திருந்தால் இது நடந்திருக்காது. ஏழை நாட்டின் கேள்வியை எடுத்துக்கொண்டு, பணக்கார நாட்டின் ஆய்வுமுறையோடு சேர்த்தார்கள். விடை இரண்டு பக்கமும் பயன்பட்டது. ஐரோப்பாவிலும் சானடோரியங்கள் காலியானதில் சென்னை ஆய்வுக்குப் பங்கு உண்டு. ஃபாக்ஸ் 1961-ல் கிளம்பிவிட்டார். மையம் போகவில்லை. இன்றும் சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. செலவோடு ஒப்பிட்டால், இந்தியா வாங்கிய வெளிநாட்டு உதவிகளிலேயே இதுதான் முதலிடம் என்று நான் நினைக்கிறேன். ஐஐடிகாரர்கள் மன்னிக்க.

அதே சானடோரியத்துக்கு நாற்பது வருஷம் கழித்து இன்னொரு நோய் வந்தது. எச்ஐவி. இந்தியாவில் முதல் தொற்றுகள் 1986-ல் சென்னையில்தான் கண்டுபிடிக்கப்பட்டன. டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் செய்த வேலை அது. மற்ற மருத்துவமனைகள் தொடவே தயங்கிய காலத்தில் தாம்பரம் நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் கொடுக்க மருந்து? மருந்து இருந்தது, விலைதான் எட்டாத உயரத்தில் இருந்தது. 2000-ம் ஆண்டு வாக்கில் ஒருவருக்கு ஒரு வருஷத்துக்கு 10,000 டாலருக்கும் மேல். அன்றைய மதிப்பில் நாலரை லட்சம் ரூபாய்க்கு மேல். காப்புரிமை வைத்திருந்த கம்பெனிகள் சொன்ன விலை அது.

2001 பிப்ரவரியில் இந்தியக் கம்பெனியான சிப்லா, அதே மூன்று மருந்துக் கூட்டை வருஷத்துக்கு 350 டாலருக்குத் தர முடியும் என்று 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பிடம் அறிவித்தது. சுமார் 16,000 ரூபாய். எப்படி முடிந்தது? 1970-ன் இந்தியக் காப்புரிமைச் சட்டம் மருந்துக்குக் காப்புரிமை தரவில்லை, தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான் தந்தது. வேறு ரசாயன வழியில் அதே மூலக்கூறைச் செய்தால் சட்டப்படி சரி. கெமிக்கல் இன்ஜினியரிங் நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

அதே நேரத்தில் தென்னாப்பிரிக்காவில் என்ன நடந்தது தெரியுமா? மலிவு மருந்தை இறக்குமதி செய்ய வழிசெய்த அரசு மீது 39 மருந்து கம்பெனிகள் வழக்குப் போட்டிருந்தன. உலகமே காறித் துப்பிய பிறகு 2001 ஏப்ரலில் வாபஸ் வாங்கினார்கள். நவம்பரில் தோஹாவில் உலக வர்த்தக அமைப்பு, பொது சுகாதாரம் என்று வந்தால் காப்புரிமை விதிகள் குறுக்கே நிற்கக்கூடாது என்று அறிவித்தது. 2004 ஏப்ரல் 1-ம் தேதி இந்திய அரசு இலவச எச்ஐவி கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியது. முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று.

இதில் பணக்கார நாடுகளின் பங்கு என்ன என்று பார்த்தால் இரண்டு கையும் தெரியும். ஒரு கை கொடுத்தது. உலக நிதியம் என்ற பன்னாட்டு அமைப்பின் பணம் இந்தியத் திட்டத்துக்கும் வந்தது. அமெரிக்காவின் பெப்ஃபார் திட்டம் 2003-ல் தொடங்கி ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது. மறு கை தடுத்தது. அதே பெப்ஃபார் ஆரம்பத்தில் பிராண்டு மருந்துகளையே வாங்கியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஜெனரிக் மருந்துகளுக்குத் தனி அனுமதி வழி திறந்த பிறகுதான் இந்திய மாத்திரைகள் உள்ளே நுழைந்தன. நுழைந்த பிறகு அதே டாலரில் பல மடங்கு பேருக்கு மருந்து கிடைத்தது. 2023-ல் உலக நிதியம் அறிவித்த விலை ஒருவருக்கு வருஷத்துக்கு 45 டாலருக்கும் கீழே. பத்தாயிரத்தில் இருந்து நாற்பத்தைந்து! இந்த இறக்கத்தை எந்த நன்கொடையும் செய்திருக்க முடியாது. கதவைத் திறந்துவிட்டதால் நடந்தது.

பாடம் படித்தார்களா? 2020 அக்டோபரில் கொரோனா தடுப்பூசி, மருந்துகளுக்குக் காப்புரிமையைத் தற்காலிகமாகத் தளர்த்தச் சொல்லி இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் கேட்டன. பேசிப் பேசி 2022 ஜூனில், தடுப்பூசிக்கு மட்டும், அரைகுறையாக ஒரு முடிவு வந்தது. அதற்குள் உலகத்தில் பலர் மூன்றாவது டோஸே போட்டு முடித்துவிட்டார்கள். நம்ம பக்கமும் சொல்ல ஒன்று இருக்கிறது. செங்கல்பட்டில் நூறு ஏக்கரில், 2012-ல் அனுமதி வாங்கிக் கட்டின தடுப்பூசி வளாகம், 2021-ல் நாடே ஊசிக்கு அலைந்தபோது ஒரு டோஸ்கூடத் தயாரிக்காமல் சும்மா நின்றது. காப்புரிமைக் கதவு திறந்தாலும் உள்ளே ஓடுகிற தொழிற்சாலை இருக்க வேண்டும் இல்லையா?

இப்போது 2025 ஜனவரி. அமெரிக்காவில் ஆட்சி மாறியதும் வெளிநாட்டு உதவி எல்லாம் ஒரே கையெழுத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. உயிர் காக்கும் மருந்துக்கு விலக்கு என்று பிறகு சொன்னார்கள். ஆனால் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் அந்த மருந்தைக் கொடுக்கும் நர்ஸ், ரத்த மாதிரியை லேப்புக்குக் கொண்டுபோகும் பைக் ஓட்டுநர், கணினியில் பதிவு செய்கிறவர் எல்லாரும் அமெரிக்கப் பணத்தில் சம்பளம் வாங்கியவர்கள். அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்ட பிறகு மாத்திரை அலமாரியில் இருந்து என்ன பயன்?

தாம்பரத்தில் அது நடக்கவில்லை. அங்கே டாக்டரும் நர்ஸும் மாநில அரசு ஊழியர்கள். மருந்து தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் வருகிறது. அதன் செலவில் பெரும்பகுதி இன்று மத்திய பட்ஜெட். வெளிநாட்டுப் பணம் வந்த காலத்தில் அது அரசின் சொந்த அமைப்புக்குள் வந்து சேர்ந்தது. பக்கத்தில் தனியாக ஒரு கட்டமைப்பை எழுப்பவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் உயிர் போகிற வித்தியாசம். மலாவியிலோ மொசாம்பிக்கிலோ சுகாதாரத்துக்கு உதவ நினைக்கும் நாடு, தன் லோகோ போட்ட கிளினிக் திறப்பதற்குப் பதில், அந்த நாட்டு சுகாதாரத் துறையின் சம்பளப் பட்டியலுக்குப் பத்து வருஷத்துக்கு உத்தரவாதம் தரலாம். போட்டோவுக்கு அழகாக இருக்காது, அது வேற விஷயம்.

கடன் என்ற உதவி

மீனம்பாக்கத்தில் இறங்கி மெட்ரோ ஏறினால் அது கடன். முதல் கட்டச் செலவில் 59 சதவீதம் ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் கொடுத்த கடன். மேடவாக்கம், கோவிலம்பாக்கம், மடிப்பாக்கம் பக்கம் குழாயில் வரும் கடல் குடிநீரும் அப்படித்தான். நெம்மேலியில் 2024 பிப்ரவரியில் திறந்த, நாளுக்கு 15 கோடி லிட்டர் ஆலைக்கு ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கி நிதி தந்தது. பேரூரில் கட்டும் 40 கோடி லிட்டர் ஆலைக்கு ஜைக்கா. (விமான நிலையத்தில் இருந்து தாம்பரம் வழியாகக் கிளாம்பாக்கம் வரை 15 கிலோமீட்டர் மெட்ரோ நீட்டிப்பு எப்போது வரும் என்று கேட்காதீர்கள். நானும் அதே ஜிஎஸ்டி ரோடு டிராஃபிக்கில்தான் நிற்கிறேன்.)

இவை நல்ல கடன்கள். வட்டி குறைவு, தவணை பல பத்தாண்டுகள். முதல் கட்ட மெட்ரோ ஜப்பான் பணம், ஆனால் ரயில் பெட்டி பிரான்ஸின் அல்ஸ்டாம் கம்பெனியுடையது. அதிலும் பெரும்பகுதி பக்கத்து ஸ்ரீசிட்டியில் செய்தது. "என் பணத்தில் என் கம்பெனியிடம்தான் வாங்கணும்" என்ற கட்டாயம் இல்லாத கடன் எவ்வளவு மலிவாக முடியும் என்பதற்கு இது உதாரணம்.

ஆனால் கடனில் ஒளிந்திருக்கும் ஒரு ஆபத்தை ஒரு சின்ன கணக்கில் பார்க்கலாம். ஒரு ஏழை நாட்டுக்குப் பதிலாக நம்மையே வைத்துக்கொள்வோம். 2014-ல் 10 கோடி டாலர் கடன் வாங்கினோம், அசல் பத்து வருஷம் கழித்து மொத்தமாக. அன்று ஒரு டாலர் சுமார் 61 ரூபாய். கையில் வந்தது 610 கோடி. 2024-ல் டாலர் சுமார் 84. திருப்ப வேண்டியது 840 கோடி. வட்டி பூஜ்யம் என்று வைத்தாலும் 230 கோடி கூடுதல். குடிநீர் வரி ரூபாயில் வசூலாகிறது, கடன் டாலரில் திரும்புகிறது. நடுவில் உள்ள பள்ளத்தில் யாராவது விழணும். மெட்ரோ விஷயத்தில் சமீப வருஷங்களில் யென் பலவீனமாக இருந்ததால் நாம் தப்பித்தோம். அது அதிர்ஷ்டம், அதை நம்பித் திட்டம் போட முடியாது.

அதிர்ஷ்டம் இல்லாதவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். 2022 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 200 இலங்கை ரூபாய். மே மாதத்தில் சுமார் 360. அதே டாலர் கடன், நாலைந்து மாதத்தில் உள்நாட்டுப் பணத்தில் 1.8 மடங்கு. ஏப்ரல் 12-ம் தேதி வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. இந்தியா அந்த வருஷம் கிட்டத்தட்ட 400 கோடி டாலர் அளவுக்கு உதவியது. தமிழ்நாடு அரசும் மே மாதம் சென்னைத் துறைமுகத்தில் இருந்து அரிசி, பால் பவுடர், மருந்து ஏற்றி அனுப்பியது. நல்ல காரியம். ஆனால் வீடு எரிந்த பிறகு கொண்டுபோன தண்ணீர். இதில் கடனைச் சீரமைக்கும் வேலை இன்னும் மோசம். ஜாம்பியா 2020 நவம்பரில் தவணை தவறியது. சீனா, மேற்கத்திய அரசுகள், பத்திரம் வாங்கிய தனியார் நிதி நிறுவனங்கள் எல்லாரும் "நீ முதலில் விட்டுக்கொடு" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்ததில், பத்திரக்காரர்களோடு ஒப்பந்தம் முடியவே 2024 ஆகிவிட்டது. அந்த மூன்றரை வருஷமும் அங்கே புதுப் பள்ளிக்கூடமும் ரோடும் யார் பணத்தில் போடுவது?

இங்கே பெரிய பொருளாதாரங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, பல கோடி புதிதாகக் கொட்ட வேண்டிய அவசியமும் இல்லை. கடனை வாங்குகிற நாட்டின் பணத்திலேயே எழுதி, நாணய ஆபத்தைத் தாங்க முடிந்தவர் தாங்குவது ஒன்று. அதற்கென்றே 2007-ல் டிசிஎக்ஸ் என்ற நிதியம் தொடங்கப்பட்டது, ஆனால் தேவையோடு பார்த்தால் சின்ன அமைப்பு. புயல், வெள்ளம் வந்தால் தவணையைத் தள்ளிவைக்கும் விதியைக் கடன் பத்திரத்திலேயே எழுதுவது இன்னொன்று. 2023 முதல் உலக வங்கி சிறிய நாடுகளுக்கு இதைத் தருகிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் கழுத்தளவு தண்ணீரில் நின்ற மாதத்திலும் பைக் லோன் தவணை போயிருந்தால் எப்படி இருந்திருக்கும்? புயல் அடித்த தீவு நாட்டுக்கும் அதே நிலைமைதான். உலக வங்கியின் ஐடிஏ பிரிவு மிக ஏழை நாடுகளுக்கு மானியமும் மிகக் குறைந்த வட்டிக் கடனும் தருகிறது. அதில் அதிகம் வாங்கியவர்களில் ஒருவரான இந்தியா 2014-ல் தகுதி வரம்பைத் தாண்டி வெளியே வந்தது. இருக்கிற வழிகளில் அதைத்தான் முதலில் பெருக்க வேண்டும் என்பேன்.

இப்போது கொடுக்கும் பக்கம்

இதுவரை வாங்கிய கதை. ஆனால் 1964-லேயே இந்தியா ஐடெக் என்ற திட்டத்தில் மற்ற வளரும் நாட்டு அதிகாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி தரத் தொடங்கிவிட்டது. தரமணி என்ஐடிடிடிஆர் வளாகத்தில் ஆப்பிரிக்க, ஆசிய நாட்டு ஆசிரியர்களைப் பார்க்கலாம். பெரும்பாலும் அந்தப் பயிற்சிக்கு வந்தவர்கள்தான்.

2023 ஜூலையில் தான்சானியாவின் சான்சிபாரில் வளாகம் தொடங்க ஐஐடி மெட்ராஸ் ஒப்பந்தம் போட்டது. நவம்பரில் வகுப்புகள் தொடங்கின. டேட்டா சயின்ஸும் செயற்கை நுண்ணறிவும் முதல் படிப்புகள். பொறுப்பு ஏற்ற ப்ரீத்தி அகலாயம், ஐஐடி வளாகம் ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண். ஜெர்மனி கிண்டியில் தொடங்கி அறுபத்து நாலு வருஷம் கழித்து, கிண்டி கடல் தாண்டிப் போயிருக்கிறது. செய்தித்தாள்கள் இதை இந்தியாவின் பெருமையாக எழுதின. எழுதட்டும். ஆனால் பான் ஒப்பந்தத்தில் இருந்த மூன்றாவது விஷயத்தை இங்கேயும் தேட வேண்டும். தான்சானிய ஆசிரியர்கள் சென்னைக்கு வந்து பிஎச்டி முடித்துத் திரும்பி, அங்கே எத்தனை பேர் வகுப்பு எடுக்கிறார்கள்? பக்கத்து நாடுகளின் ஏழைப் பிள்ளை கட்டணத்தைச் சமாளிக்க எவ்வளவு உதவித்தொகை இருக்கிறது? அங்கே எடுக்கும் ப்ராஜெக்ட் சென்னையில் இருந்து போகும் தலைப்பா, மீன்பிடித்தலும் கிராம்பும் சுற்றுலாவும் இருக்கிற அந்தத் தீவின் தலைப்பா?

அடுத்த செமஸ்டர் நம்மில் யாராவது இன்டர்ன்ஷிப்புக்கு அங்கே போனால், இந்த மூன்றையும் கேட்டு வந்து இந்த இதழுக்கே எழுதுங்கள். அடுத்த இதழில் இடம் இருக்கிறது.